நாயீன் ஊர் விதவையாக நடித்தவள்

சலவையக்காவுக்கு அந்த வேஷத்தைக் கொடுக்கும்போது யாரும் இரண்டு முறை யோசிக்கவில்லை. அவள் விதவை, ஒரே மகன். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை என்பதால் பாடைக்குப் போர்த்த வெள்ளைத் துணிக்கும் பஞ்சமில்லை. வேறென்ன வேண்டும்? ஆலயத்துத் தாய்மார் சங்கம் ஆண்டுக்கொரு முறை போடும் நாடகம் அது. வேதத்தில் வரும் அம்மாக்களும் அவர்கள் பெற்ற மகன்களும்தான் கதை. எழுதியவர், சங்கத்தையே ஆட்டிப் படைத்தவர், டீச்சர்.

வேஷம் பிரிப்பதற்குள் டீச்சருக்குப் போதும் போதுமென்றாகிவிடும். தண்ணீரில்லாத வனாந்தரத்தில் மகனைப் புதருக்கடியில் விட்டுவிட்டு, அவன் சாவதைப் பார்க்க மாட்டாமல் தள்ளிப் போய் உட்காருகிற ஆகார், ஆலயத்துக்கு விட்டுக்கொடுத்த மகனுக்கு வருஷா வருஷம் சின்னச் சட்டை தைத்து எடுத்துப் போகிற அன்னாள், இந்த இரண்டு வேஷத்துக்கும் அடிதடி. மூத்தவனை ஏமாற்றி இளையவனுக்கு ஆசீர்வாதம் வாங்கிக் கொடுத்த ரெபெக்காள் என்றால் எல்லாரும் நைசாக நழுவுவார்கள். வீட்டில் இரண்டு மகன்களை வைத்துக்கொண்டு யார் அந்த வம்பை விலைக்கு வாங்குவது? சாலொமோன் முன்னால் ஒரே குழந்தைக்குச் சண்டை போடுகிற இரண்டு பெண்களோ, உண்மையான அம்மாவாகத்தான் வருவேன் என்று இரண்டு பேருமே ஒற்றைக் காலில் நின்றார்கள். சாலொமோனே நேரில் வந்தாலும் தீராத வழக்கு. கொல்லப்பட்ட மகன்களின் உடல்களைப் பறவை தொடாமல் பாறைமேல் காத்துக் கிடந்த ரிஸ்பாளை மட்டும் யாரும் கேட்டதே இல்லை. அந்தக் காட்சியை டீச்சர் ஒரே வருஷத்தோடு எடுத்துவிட்டார். ஜனங்கள் சிரித்த முகமாக வீட்டுக்குப் போக வேண்டாமா?

அதற்காகத்தான் கடைசியில் நாயீன் ஊர் விதவை. செத்துப்போன ஒரே மகனை ஊருக்கு வெளியே தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஊர் வாசலில் ஆண்டவர் எதிரே வருகிறார். அம்மாவைப் பார்த்து மனம் உருகி, அழாதே என்கிறார். பாடையைத் தொடுகிறார். தூக்கி வந்தவர்கள் நிற்கிறார்கள். எழுந்திரு என்கிறார், பையன் எழுந்து உட்காருகிறான். இதை மட்டும் மேடையில் போடுவதில்லை. ஆலய வளாகத்தின் இரும்புக் கேட்தான் ஊர் வாசல். ஜனங்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். உள்ளேயிருந்து நான்கு பேர் பாடையைச் சுமந்து வர, தெருப் பக்கமிருந்து ஆண்டவர் வருவார். ஆண்டவர் வேறு யாருமில்லை, பிளம்பர்தான். நல்ல உயரம், கணீரென்ற குரல், அத்தோடு சொந்தத் தாடி.

முதல் வருஷம், பாடையில் படுத்த அவளுடைய சொந்த மகனுக்கு ஒன்பது வயது. அந்த நண்டைப் பார்த்து "வாலிபனே, எழுந்திரு" என்று பிளம்பர் சொன்னதே சிரிப்பாக இருந்தது. அதைவிடச் சிரிப்பு, பையன் எழுந்திருக்கவில்லை. பாடை ஆடி ஆடி வந்த சுகத்தில் நிஜமாகவே தூங்கிவிட்டான். பிளம்பர் மறுபடி சொன்னார். மூன்றாம் முறை அவர் போட்ட சத்தத்தில் தெருவில் போன சைக்கிள்காரர் இறங்கியே விட்டார். பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்து, "விடிஞ்சிருச்சா?" என்றான். அன்றிலிருந்து அவன் பெயர் தூங்குமூஞ்சி.

அடுத்தடுத்த வருஷங்களில் அதை வேண்டுமென்றே செய்தான். மெதுவாகச் சொன்னால் எழுந்திருக்க மாட்டேன், சத்தமாகச் சொன்னால்தான் என்று பிளம்பரிடம் முன்கூட்டியே கறாராகப் பேசிவிடுவான். துணிக்கடியில் அவன் வயிறு சிரிப்பில் குலுங்குவது பக்கத்தில் நடந்து வரும் அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்வாள். தோள் குலுங்கும். என்ன தத்ரூபமாக அழுகிறாள் என்று ஜனங்கள் உச்சுக்கொட்டுவார்கள். அவன் வளர்ந்தான். கால் பாடைக்கு வெளியே நீட்டியது. ரொட்டிக்கடைக்காரரும் பஸ் டிரைவரும் மரக்கடை அண்ணன் தம்பியும், இனிமேல் இவனைத் தூக்க எங்களால் ஆகாது என்று வருஷா வருஷம் புலம்பிக்கொண்டே தூக்கினார்கள். ஏசி மெக்கானிக் ஆன பிறகும் அந்த ஒரு மாலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்வான்.

மூன்றாம் மாடிச் சுவருக்கு வெளியே ஏசி பெட்டியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் கால் வைத்திருந்த இரும்புச் சட்டம் பெயர்ந்து விழுந்தது. அவள் வேலை செய்த மருத்துவமனைக்கே கொண்டு வந்தார்கள். செய்தி வந்து அவள் ஓடியபோது அவனை முழுவதும் மூடியிருந்தார்கள். அந்தத் துணி அவள் மடித்தது. மடிப்பைப் பார்த்தாலே அவளுக்குத் தெரியும்.

சவப்பெட்டியைச் சுமக்க யார் வருவது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த நான்கு பேருமே வந்து நின்றார்கள். ஆலயத்தில் ஜெபம் முடிந்து தூக்கினார்கள். அவள் பக்கத்தில் நடந்தாள். சத்தம் போட்டு அழுதுகொண்டுதான் நடந்தாள். அதுவரை அழுதாள் என்பதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

கேட்டுக்கு வந்ததும் நான்கு பேரும் நின்றார்கள்.

யாரும் நிற்கச் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் அந்த இடத்தில் நின்று பழகிய கால்கள், அவையாகவே நின்றுவிட்டன. வெளியே தெருவில் வண்டிகளை மறித்து வழிவிட்டுக்கொண்டிருந்த பிளம்பர், ஏன் வரவில்லை என்று திரும்பினார். திரும்பி, கேட்டை நோக்கி வந்தார். தடுமாறின பஸ் டிரைவரின் தோளில் பெட்டி சாயப் பார்த்தது. பிடித்துக்கொள்ளப் பிளம்பர் அதன்மேல் கை வைத்தார். அப்போது அவள் முகம் அவருக்கு நேர் எதிரே இருந்தது.

"அழாதேம்மா" என்றார்.

வாழ்நாளெல்லாம் அவளை அக்கா என்று கூப்பிட்டவர் அவர்.

அவள் சட்டென்று அழுகையை நிறுத்தினாள். பின்னால் வந்த கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அது நாடகம், பச்சைப் பொய் என்று எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் நின்றது. பிளம்பரின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. போதகர்தான் மெல்ல முன்னால் வந்து, போகலாம் என்று ரொட்டிக்கடைக்காரரின் முதுகில் கை வைத்தார். போனார்கள்.

அதற்குப் பிறகு அவளால் அழ முடியவில்லை. குழியில் இறக்கும்போதும் இல்லை. வீட்டில் அவன் செருப்பைப் பார்த்தபோதும் இல்லை. அழுதுவிடு, அழுதுவிடு என்று அவள் அக்கா பிடித்து உலுக்கிப் பார்த்தாள். இவளுக்கு நெஞ்சா கல்லா என்று நாத்தனார் வெளியே போய்ச் சொன்னாள். நாக்கில் நரம்பில்லாதவளுக்கு என்ன, எதையும் சொல்லலாம்.

டீச்சர் வந்து, சிலுவையடியில் நின்ற தாயைப் பற்றி ஆறுதலாகப் பேசினார். சலவையக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்த அம்மாவுக்கு மூன்றாம் நாள் மகன் திரும்பி வந்தானே என்றாள். பிறகு இன்னொன்றும் கேட்டாள். நாயீன் ஊரில் அதற்கு முந்தின நாள் ஒரு பையன் செத்திருந்தால், அவனையும் அதே வாசல் வழியாகத்தானே தூக்கிப் போயிருப்பார்கள்? அவனுடைய அம்மா, மறுநாள் அடுத்த வீட்டுப் பையன் எழுந்து நடந்து வந்ததைப் பார்த்து என்ன செய்திருப்பாள்? டீச்சர் தனக்கு வைத்திருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

அவள் வேலைக்குத் திரும்பினாள். நீளமான படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து, உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். எதிர் முனை பிடித்தவள் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து துணியையே பார்த்துக்கொண்டு நடந்தாள். பிளம்பர் அவள் கண்ணில் படுவதே இல்லை. ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து முதல் ஆளாய்ப் போய்விடுவார். தாடியையும் எடுத்துவிட்டார். சலவைக்கூடத்தில் பெரிய இயந்திரத்துக்குப் போகும் குழாய் வெடித்துத் தரையெல்லாம் தண்ணீரானபோதுதான், வேறு ஆள் இல்லாமல் அவரே வர வேண்டியதாயிற்று.

அவர் மல்லாந்து படுத்துக் குழாயை முறுக்கிக்கொண்டிருந்தார். அவள் ஈரத்தில் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்தாள்.

"தம்பி, பாதியில விட்டுட்டீங்களே" என்றாள்.

அவருக்கு எது என்று கேட்கத் தேவைப்படவில்லை. எழுந்து உட்கார்ந்தார்.

"நான் யாருக்கா? வேஷம் போட்டவன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

"தெரியும். அவர் வரலை. வந்தவர் நீங்கதானே?"

"சொன்னா அவன் எழுந்துக்க மாட்டான்க்கா."

"அதுவும் தெரியும். எனக்கென்ன புத்தியா பேதலிச்சிருக்கு? ஆனா சொல்லாம விட்டதால, சொன்னா எழுந்துப்பானோன்னு ஒரு மூலையில இருந்துக்கிட்டே இருக்கு. அவன் சொல்லாம எழுந்ததே இல்லையே தம்பி. இந்த நினைப்போட என்னால அழவும் முடியலை, சாகவும் முடியலை. வந்து சொல்லிட்டுப் போங்க."

அவர் குழாயை மாட்டி முடித்தார். கையைக் கழுவினார். இருவரும் வேலை உடுப்போடு, பகல் வெயிலில், கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள். மண் இன்னும் மேடாகத்தான் இருந்தது. பிளம்பர் அதன் தலைமாட்டில் நின்று, தொண்டையைச் செருமி, வாய்க்குள்ளேயே அதைச் சொன்னார்.

"சத்தமா சொல்லுங்க" என்றாள் அவள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு மூச்சை இழுத்து, தன்னிடம் இருந்த குரல் முழுவதையும் போட்டு, "வாலிபனே, எழுந்திரு" என்றார். தோட்டத்தின் அந்த மூலையில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

அவள் காத்திருந்தாள். கண்ணைச் சிமிட்டாமல் மண்ணையே பார்த்துக்கொண்டு, உண்மையாகவே காத்திருந்தாள். பிளம்பரும் அப்படித்தான் நின்றார். அந்த நேரத்தில் அவரும் நம்பினார் என்று பிறகு அவரே சொல்லியிருக்கிறார். புல் வெட்டுகிறவர் மறுபடி குனிந்தார். கத்தியின் சத்தம் திரும்ப ஆரம்பித்தது.

"எழுந்துக்கலை" என்றாள்.

"இல்லக்கா."

அவள் தலையாட்டினாள். மண்மேல் உட்கார்ந்து, குழந்தையின் போர்வையைச் சரிசெய்வதுபோல் மேட்டின் ஓரத்தைக் கையால் ஒதுக்கிவிட்டாள்.

"அப்ப நான் அழட்டுமா தம்பி?" என்று அனுமதி கேட்டாள்.