இன்னும் உயிர்

கரி படிந்த பாண் ரொட்டித் துகள்கள் வெறுங்காலில் நறநறவென்று மிதிபடுவதுதான், தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் நான் கழித்த முதல் பனிக்காலம். அம்மாவின் தம்பியான சின்ன மாமா, பகலெல்லாம் மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிவிட்டு வந்து, பின்னேரங்களில் எங்கள் அப்பார்ட்மென்டின் முன்னறையான "கோலில்" குந்தியிருந்து கரித்துண்டால் படம் "கீறுவார்". பிழைத்த கோடுகளைப் பாண் துண்டை உருட்டி அழிப்பார். "சாப்பிடுற சாமானாலை உரஞ்சாதையடா, தரித்திரம்!" என்று அம்மா கத்துவார். "உந்த ஸ்பெயின்காரனும் பாணாலைதான் அக்கா அழிச்சவன்" என்பார் மாமா.

அந்த ஸ்பெயின்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர். பெயரைச் சொன்னால் எனக்கு வாய் சுளுக்கும். அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் தடித்த புத்தகத்தை நூலகத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுத்துவந்து, மடியில் ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் படித்து, சோறு சாப்பிடும்போது ஊரிலிருந்து வந்த செய்தியைப் போல மாமா எங்களுக்குச் சொல்வார். தாய் தகப்பனைச் சிறுவயதிலேயே இழந்து உறவுக்காரர் வீட்டில் ஒண்டியிருந்தவராம். படம் பழக்கிய ஆசிரியர் வருசக்கணக்காக வெள்ளைக் களிமண் தலைகளையும் கைகளையும் மட்டுமே கீறவைத்து, வர்ணத்தைத் தொடவே விடவில்லையாம். பிறகு ஊர்ச்சபை காசு கொடுத்து ரோமாபுரிக்கு அனுப்ப, அங்கே குளிரில் விறைத்த விரல்களை வாயால் ஊதி ஊதிக் கீறினாராம். "பாவம், அவனுக்கும் ஆக்களில்லை" என்று முடிப்பார் மாமா.

அவருக்கும் ஓர் ஓவியக் கல்லூரியில் சேர ஆசை. இடம் கிடைத்தால் பெட்டி அடுக்குவதை விட்டுவிடலாம். நேர்முகத்துக்கு "ஸ்டில் லைஃப்" படமொன்று கொண்டுவரும்படி தொலைபேசியில் சொன்னார்கள். அந்தச் சொல் புத்தகத்திலும் இருந்தது. ஸ்பெயின்காரர் இளமையில் அதைத்தான் நிறையக் கீறினாராம். மாமா அகராதியைப் புரட்டினார். ஸ்டில் என்றால் இன்னும். லைஃப் என்றால் உயிர். "விளங்குதே அக்கா? தன்ரை ஆக்களிலை இன்னும் உயிரோட இருக்கிறவையைக் கீறியிருக்கிறான்!" எங்களுக்கும் அது சரியாகவே பட்டது.

மாமா யோசிக்கவேயில்லை. தன் அண்ணனைக் கீறத் தொடங்கினார். நான் பிறக்க முதலே பெரிய மாமாவை ஊரில் ஆமி பிடித்துக்கொண்டு போயிருந்தது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. வீடு எரிந்தபோது படங்களும் போய்விட்டதால், அவருடைய முகம் என் அம்மாவினதும் சின்ன மாமாவினதும் நினைவில் மட்டுமே இருந்தது. பனிக்காலம் முழுவதும் அந்த ஒரே முகம். அம்மா கறிச்சட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்து, "புருவம் இன்னும் கொஞ்சம் அடர்த்தியடா" என்பார். முடிந்த அன்று, "அண்ணை இப்ப வாய் திறந்து கதைப்பார் போல கிடக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா குசினிக்குள் போய் விம்மி விம்மி அழுதார். நானும் பெரிய மாமாவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நேர்முகத்தால் திரும்பிய மாமா சப்பாத்தைக் கூடக் கழற்றவில்லை. முகம் நன்றாக வந்திருக்கிறது, ஆனால் கேட்டது இதுவல்ல, அடுத்த வருசம் வாருங்கள் என்றார்களாம். "போத்தல், கிண்ணம், பழம், செத்த முயல். உதுகளைக் கீறுறதுக்குத்தானாம் அந்தப் பேர். அசையாத சாமானுக்கு, அக்கா. உயிரில்லாததுக்கு. அண்ணையைக் கொண்டுபோய் நான் அதுக்குள்ளை வைச்சிட்டன்." அம்மா எழும்பிப் பிடிப்பதற்குள் படத்தை நான்காகக் கிழித்து, கதவுக்கு வெளியே, மாடியிலிருந்து குப்பையைக் கீழே கொட்டும் குழாய்க்குள் தள்ளிவிட்டார். அது கீழே போகும் சத்தம் கேட்டது. "ஐயோ, அண்ணையைக் கிழிச்சுப்போட்டியேடா!" என்று அம்மா வாசலிலேயே இருந்துவிட்டார். எனக்கு மாமா மேல் வந்த கோபம் இன்றுவரை முழுதாக ஆறவில்லை.

அடுத்த வருசம் அவர் போகவில்லை. அம்மா காலமாகிவிட்டார். பெரிய மாமா திரும்பவேயில்லை. சின்ன மாமாவுக்கு இப்போது யூனியன்வில்லில் பெரிய வீடு, சுவரில் பேரப்பிள்ளைகளின் படங்கள். போன மாதம் வெட்கத்தை விட்டு, "ஒருக்கால் திரும்பக் கீறித் தாங்கோ மாமா" என்று கேட்டேன். மறுப்பார் என்றுதான் நினைத்தேன். பென்சிலை வாங்கி, தாளில் நெடுநேரம் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெற்றுத்தாளை என் பக்கம் தள்ளினார்.

"முகம் வருகுதில்லைப் பிள்ளை" என்றார்.