பொட்டு வைத்த கூம்பு

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் மாடியில் இருந்தது நான் வேலை பார்த்த மண் பரிசோதனை அலுவலகம். வீடு கட்டுகிறவர்களின் இடத்துக்குப் போய், கூம்பு முனை வைத்த கம்பியைக் கையால் மண்ணுக்குள் அழுத்தி, எவ்வளவு பலத்துக்கு இறங்குகிறது என்று மீட்டரில் பார்த்துச் சொல்வோம். அந்தக் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. என்னைப் பார்க்க விடாமல் செய்வது முதலாளியின் வேலை.

ஒவ்வொரு தடவையும் கூம்பைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் போட்டு, தெரிந்த எடையை ஏற்றி மீட்டர் உண்மை பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். "பாத்தரம் கழுவறதுக்கா அம்மணி இன்ஜினியரிங் படிச்சே?" என்பார். அவர் படித்த லட்சணம் எனக்குத் தெரியும். கருவிக்கான சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். ஆயுத பூஜைக்கு அதற்கும் ஒரு மாலை. கிட்டே போய்ப் பார்த்தால், காலாவதியாகி ரொம்ப நாளாகியிருந்தது. செத்ததற்குத்தானே மாலை போடுவார்கள், பொருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதே பூஜையில் கூம்புக்கும் சந்தனம் வைத்தார். வைத்தார் என்பது தப்பு, அப்பினார். கருவியின் வெளிக்குழாய்க்கும் அதற்குள் ஓடும் கம்பிக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி உண்டு. கம்பி அதில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சந்தனம் அங்கே போய் உட்கார்ந்து காய்ந்தது. மறுநாள் விஜயதசமி, தாராபுரத்தில் வேலை. கிளம்பும்முன் துடைக்கப் போனேன்.

"பூஜை போட்ட பொட்ட அழிக்காதே அம்மணி. வருசம் பூரா தொழில் படுத்துக்கும்."

தாராபுரத்தில் இடத்துக்காரம்மா தையல் வேலை செய்கிறவர். இத்தனை வருஷமும் வாடகை வீடு, இதுதான் முதல் சொந்த வீடு. ஆற்றுப் பக்கம், கரிசல் மண். முந்தின நாள் மழையில் ஊறிப்போய், என் செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. அவர்தான் இழுத்து, கழுவிக் கொடுத்தார். அந்த மண்ணில்தான் எங்கள் மீட்டர் பாறையைக் குத்தியது போல ஏறியது. கம்பி காய்ந்த சந்தனத்தோடு மல்லுக்கட்டிய பலத்தையும் சேர்த்து மண்ணின் பலம் என்று காட்டியது.

"பாத்தீங்களா, கல்லாட்டம் மண்ணு!" என்றார் முதலாளி. கண்ணெதிரே செருப்பை முழுங்கிய மண். இதைக் கல் என்று சொல்ல எவ்வளவு தடித்த தோல் வேண்டும்!

அந்தம்மா அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்க, ரெண்டு மாடி தாங்குமுங்களா?"

முதலாளி பக்கத்தில் நின்றார். "தாங்குமுங்க" என்றேன்.

மறுநாள் காலையில் ரிப்போர்ட்டைக் கையெழுத்துக்கு நீட்டினார். நான் கூம்பைக் கழற்றினேன். சந்தனமும் கரிசலும் கெட்டித்துப்போய், ஸ்க்ரூடிரைவரால் நெம்பித்தான் எடுக்க முடிந்தது. "பொட்ட அழிச்சுப்போட்டியா!" என்று கத்தினார். ஒரு வீடு உட்காரப் போகிறது என்கிறேன், மனுஷனுக்குப் பொட்டு போன கவலை. ரிப்போர்ட்டை அவர் மேஜையிலேயே போட்டேன். கழுவி, எடை ஏற்றிச் சரிபார்த்து, கருவியைப் பையில் போட்டுக்கொண்டு தாராபுரம் பஸ் ஏறினேன்.

அங்கே ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல், என் வாய்வார்த்தையை நம்பி, ஆட்கள் முழங்கால் ஆழத்துக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கம்பியை அழுத்தினேன். களிக்குள் போவது போலப் போனது.

"தோண்டறத நிறுத்தச் சொல்லுங்க. இந்த ஆழம் பத்தாதுங்க. நேத்து கருவி தப்பாக் காட்டிப்போட்டுதுங்க."

அந்தம்மா ஆட்களை நிறுத்தினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. என் காலைப் பார்த்தார்.

"கருவிக்குத் தெரியலீங்க, சரி. நேத்து உங்க செருப்ப நாந்தானுங்களே இழுத்துக் குடுத்தேன். உங்களுக்கு அப்பவே தெரியுமில்லீங்களா?"

முதலாளிக்காக நான் சேர்த்து வைத்திருந்த ஏச்சுகளில் ஒன்றுகூட அப்போது உதவவில்லை.

"தெரியுமுங்க" என்றேன்.