பேங்குக்கு மட்டும் லீவு

பேங்க் ஹாலிடே என்றால் பேங்குக்கு மட்டும்தான் லீவு என்று நம்பி இங்கிலாந்தில் வந்து இறங்கிய ஆள் நான். சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், பின்னால் வசதிப்படாது.

எழுபதுகளின் கடைசி. பிராட்ஃபோர்டில் ஒரு கம்பளி மில்லில் எனக்கு வேலை. குமாரபாளையத்திலிருந்து என் மனைவி சரோஜா புறப்படத் தயாராக இருந்தாள், டிக்கெட்டும் போட்டாயிற்று. ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை ஃபோர்மேன், "மண்டே பேங்க் ஹாலிடே" என்றார். "நான் பேங்கிலா சார் வேலை பார்க்கிறேன்?" என்றேன். ஜோக்கென்று நினைத்து முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை சோற்று டப்பாவோடு போனேன். கேட்டில் பூட்டு. சேலத்துப் பக்கம் மில் கேட்டில் பூட்டுத் தொங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: லாக்-அவுட், முதலாளி கதவடைத்துவிட்டார். வேலை போனால் பெர்மிட்டும் போகும். வருகிறவளை எங்கே வைப்பேன்? புத்தியுள்ளவன் யாரையாவது கேட்டிருப்பான். நான் டெலிபோன் கூண்டுக்குள் புகுந்து, போனிலேயே ஊருக்குத் தந்தி சொன்னேன்: மில் மூடிவிட்டது, புறப்படாதே.

என்னோடு அறையில் தங்கியிருந்த ராசிபுரத்துக்காரர், லண்டனுக்குப் போயிருந்தவர், சாயங்காலம் வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, ஊரு பூராவும் இன்னிக்கு லீவுங்க! உங்களுக்காவ கேட்டத் தொறந்து வெச்சுட்டுப் போவாங்களா?"

"பேர்ல பேங்க்குன்னுதானுங்க இருக்குது?"

"ஆத்துல தண்ணி இல்லாத வருசம் ஆடிப்பெருக்குக் கும்பிடாமயா இருந்தீங்க?"

கும்பிட்டிருக்கிறேன். வறண்ட காவிரி மணலில் ஊற்றுத் தோண்டி, தேங்காய் உடைத்து. பெருக்கு எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை. குழந்தைகள் தினத்தன்றே வாத்தியாரிடம் அடி வாங்கியவன் நான். அர்த்தம் வற்றிய பிறகும் பெயர் பெயராகவே நிற்கிறது. இங்கிலீஷில் அப்படிப்பட்ட பெயருக்குப் பெரிய எழுத்துப் போடுகிறார்கள். தமிழில் அது கிடையாது. வாயால் சொன்னால் எந்த மொழியிலும் கிடையாது.

மறுநாள் மில் ஓடியது. உடனே இரண்டாவது தந்தி கொடுத்தேன்: மில் திறந்துவிட்டது, புறப்படு. அப்புறம் ஒருவழியாக ட்ரங்க் கால் கிடைத்தபோது மாமனார்தான் பேசினார்.

"ஒரு நாளைக்கு மூடறாங்க, மக்கா நாளு தொறக்கறாங்கங்கறீங்க. அதென்னங்க மாப்ள, மில்லுங்களா பொட்டிக்கடைங்களா? இதை நம்பிப் புள்ளய அனுப்ப முடியாதுங்க."

"லீவுங்க மாமா. பேங்க் லீவு."

"பேங்க் லீவுக்கு மில்ல எதுக்குங்க மூடறாங்க?"

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார்கள். மறுபடி போடவேயில்லை.

வருடங்கள் ஓடிவிட்டன. அந்தத் திங்கட்கிழமைகளில் அறையில் சும்மா படுத்திருக்கிறேன். இங்கே பேங்க் ஹாலிடே. குமாரபாளையத்தில் அது வெறும் திங்கட்கிழமை, தறி ஓடிக்கொண்டிருக்கும்.

சரோஜா வரவில்லை.