பெருமாள்சாமி பாஸ் பண்ணாத வண்டி

என் வீட்டுக்காரர் பெருமாள்சாமி எதையும் லேசில் பாஸ் பண்ண மாட்டார். கியர் செய்கிற ஃபேக்டரியில் காலமெல்லாம் இன்ஸ்பெக்டராக இருந்தவர். மெஷினிலிருந்து வருகிற கியரை அளந்து பார்த்து, மயிரிழை பிசகினாலும் ஓரமாகத் தூக்கிப் போடுவதுதான் உத்தியோகம். புது கியரை வண்டியில் மாட்டி சோதனை பார்க்கிற அன்றைக்கு அந்த வண்டியிலும் போவார். அதையெல்லாம் ஃபேக்டரி கேட்டோடு விட்டுவிட்டு வந்திருந்தால் நான் ஏன் வாயைத் திறக்கப் போகிறேன்? இட்லியைத் திருப்பிப் பார்ப்பார். முறுக்கின் சுற்று சரியில்லை என்பார். எங்கள் மகள் வீணாவுக்கு வந்த மாப்பிள்ளைகளை வரிசையாக ரிஜெக்ட் பண்ணினார். ஒருத்தனுக்கு நடை சரியில்லை. இன்னொருத்தன் காபியை ஆற்றாமல் குடித்தான். கடைசியில் பாலகுமாரைத் தாடி எடுத்துவிட்டு வரச் சொல்லி, மறுபடி பார்த்து, போனால் போகிறது என்று பாஸ் போட்டார்.

தொண்ணூற்றெட்டில் ஃபேக்டரியில் வி.ஆர்.எஸ். கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே சமயம் வீணா உண்டாகியிருந்தாள். அதற்கு முன்னால் ஒன்று தங்கவில்லை. ஆட்டோவில் போய் ஈஜிபுரா ரோட்டுக் குழிகளில் குலுங்கினதால்தான் கலைந்தது என்று இவர் மனசில் எப்படியோ விழுந்துவிட்டது. டாக்டரம்மா அப்படியெல்லாம் இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். கேட்டால்தானே!

"இந்தத் தடவை எம் பொண்ணு ஆட்டோல ஏற மாட்டா. பிரசவத்துக்குப் படுத்துக்கிட்டே போவா, குலுங்காம போவா" என்று சொன்னவர், ஒரு நாள் ஒரு எஸ்டேட் காரை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டார். நிறுத்தியவர் இவர் இல்லை, விற்றவரின் டிரைவர். சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்துப் போய்விட்டான்.

மற்ற கார் மாதிரி பின்னால் தனியாக டிக்கி கிடையாது. கூரை அப்படியே கடைசி வரை நீண்டு போகும். பின் சீட்டை மடித்துப் போட்டால் ஒரு ஆள் தாராளமாகக் கால் நீட்டிப் படுக்கலாம். சிக்மகளூர் பக்கத்துக் காபித் தோட்டக்காரர் ஒருவர் மூட்டை ஏற்றி ஏற்றி ஓட்டிய வண்டி. மீட்டர் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது.

"எல்லாரும் மீட்டரைக் கொறைச்சு விக்கிறான். இது பொய் சொல்லாத வண்டி ராஜி" என்று பெருமைப்பட்டார். பொய் சொல்லாத வண்டியை வாங்குவதற்கு, கொஞ்சம் பொய் சொல்கிற புது மாதிரி வண்டியாகப் பார்த்து வாங்கியிருக்கலாம் என்று எனக்கு வயிறு எரிந்தது.

வண்டி வீட்டுக்கு வந்தால் பூஜை போட வேண்டாமா? குங்குமம் வைத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். "ஏத்துங்க" என்றேன்.

"செக் பண்ணாம எப்படி ஏத்துறது? முழுசா செக் பண்ணி பாஸ் ஆகட்டும், அப்புறம் ஏத்தலாம்."

பழம் சக்கரத்தடியிலேயே காய்ந்து சுக்காகிப் போனது. அடுத்த வெள்ளிக்கிழமை வேறு பழம் வைத்தேன். அதுவும் காய்ந்தது. மார்க்கெட்டில் எலுமிச்சம்பழக்காரி, "ஊறுகாய் போடறியாக்கா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

அடுகோடியிலிருந்து மெக்கானிக் முனிகிருஷ்ணன் வந்தார். நல்ல மனுஷர், பொறுமைசாலி. "சார், இவ்ளோ ஓடின வண்டி வாங்கினா மொதல்ல ஆயில், ஃபில்டர் எல்லாத்தையும் மாத்திடணும். வித்தவன் இப்பதான் மாத்தினேன்னு சத்தியம் பண்ணாலும் நம்பக் கூடாது. டைமிங் பெல்ட் மாத்திடுங்க, அது அறுந்துச்சுன்னா இன்ஜின் காலி. பிரேக், ரேடியேட்டர் ஹோஸ், டயர் பாத்துக்கலாம். அப்புறம் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டா முடிஞ்சுது" என்றார்.

அத்தனையும் செய்தார்கள். இவருக்குத் திருப்தி வரவில்லை. பழைய ஆயிலை விரலில் தேய்த்தார், மோந்தார், நாக்கில்கூட வைத்துப் பார்த்தார். சட்னியில் உப்பு பார்க்காத மனுஷன்! டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்று சக்கரங்களைக் கழற்றி டயரைத் திருப்பி மாட்ட வைத்தார். ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்தைத் திறந்தால் மழைத் தண்ணீர் தேங்கி, கொசுப்புழு நீந்திக்கொண்டிருந்தது. எங்கள் சந்துக்கே கொசு சப்ளை செய்தது யார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பின் கதவு மேலே தூக்கினால் நிற்காது. அதைத் தாங்குகிற கம்பிகளில் கேஸ் போய்விட்டதாம். பக்கத்து வீட்டுத் தனக்கோடி, பாவம், எட்டிப் பார்க்கப் போனவர், தலையில் நங்கென்று வாங்கினார். புதுக் கம்பி வருகிற வரைக்கும் என் துணி காயப்போடுகிற கொம்புதான் அந்தக் கதவுக்கு முட்டு.

மூட்டை ஏற்றின வண்டி என்பதால் பின் ஸ்பிரிங் தொய்ந்திருந்தது. அதையும் மாற்றிவிட்டு, என்னைப் பின்னால் படுக்கச் சொன்னார். சந்து முழுக்க வேடிக்கை பார்க்க, நான் தலையணையோடு படுத்தேன். இவர் வெளியிலிருந்து வண்டியைப் பிடித்து ஆட்டினார்.

"குலுங்குதா?"

"நீங்க ஆட்டினா குலுங்காம தாலாட்டா பாடும்?"

அதற்கும் ரிஜெக்ட். மறுபடி ஸ்பிரிங்கைக் கழற்றினார்கள்.

ஒவ்வொரு தடவையும் முனிகிருஷ்ணன், "ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம் வாங்க சார்" என்று கூப்பிடுவார். "இன்னும் பாஸ் ஆகல" என்று சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். எதிர் வீட்டு பிரிஜெட், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை செய்கிறவள், ஷிஃப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் கேட்பாள்: "என்னண்ணா, வண்டி எப்ப கெளம்பும்?" இவர் காரின் அடியிலிருந்தே, "செக்கிங் போய்ட்டிருக்கு" என்பார். அவருடைய முகத்தை நாங்கள் பார்த்து நாளாகியிருந்தது. காலை வைத்துத்தான் அடையாளம்.

வீணாவுக்கு மாதம் நிறைந்தது. முனிகிருஷ்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், இந்த வண்டில மாத்தறதுக்கு இனிமே ஒண்ணும் பாக்கி இல்ல. வேணும்னா என்னை மாத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டு, கிருஷ்ணகிரியில் மச்சான் கல்யாணம் என்று போய்விட்டார்.

ஆட்டோ ஸ்ட்ரைக் நடந்த அன்றைக்குத்தான் வீணாவுக்கு வலி கண்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். மாப்பிள்ளை வைட்ஃபீல்டில் ஆபீசில் இருந்தார். ரோட்டில் ஒரு ஆட்டோ இல்லை. பதற்றத்தில் ஆஸ்பத்திரிப் பையை இரண்டு தடவை கட்டினேன். ஆனால் ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. இதற்காகத்தானே வண்டி! மெத்தையை விரித்து வீணாவைப் படுக்க வைத்து, நானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். இவர் வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் என்ன அழகாகப் பிடித்தது தெரியுமா! சந்தே கை தட்டியது.

இவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு இன்ஜினை அணைத்தார்.

"கிளட்ச்சுல ஒரு சத்தம் வருது. இப்படியே ஓட்டினா நடு ரோட்ல நின்னுரும்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியேங்க!"

"உனக்கு எப்படிக் கேக்கும்? தள்ளச் சொல்லு."

"தள்றதா? ஆஸ்பத்திரி வரைக்குமா?"

"தள்ளினா குலுங்காது" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

அந்த நேரத்தில் எதிர்த்துப் பேச எனக்கு எங்கே தெம்பு? இன்ஸ்பெக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சந்தே வந்து கை வைத்தது. தனக்கோடி, அவர் தம்பி, நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு பெண்கள், ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கப் போன பிரிஜெட் எல்லோரும். அன்றைக்குத்தான் என் எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. அடுகோடிப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரியை நோக்கி வண்டி நகர்ந்தது.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் ஊர் சேர்ந்துகொண்டது. நம் ஊரில் நின்றுபோன வண்டியைப் பார்த்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? தள்ளுவதற்கு ஒரு கை, யோசனை சொல்வதற்கு ஒரு வாய். "ஏனாயித்து சார், பேட்டரி டவுனா?" என்று கன்னடத்தில் விசாரித்தார் பூக்கடைக்காரர். "டீசல் ஹாக்கிதீரா? டீசல் போட்டீங்களா?" என்று ஒரு சைக்கிள்காரர் கேட்டார். ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்த பெரியவர் ஜன்னல் ஓரமாகவே நடந்து வந்து, மீட்டரை எட்டிப் பார்த்து, "இவ்ளோ ஓடின வண்டிய யாராச்சும் வாங்குவாங்களா? வாங்கினா ஒரு மெக்கானிக்க வெச்சு செக் பண்ண வேணாமா?" என்று இவரிடமே கேட்டார். பேட்டரி புதுசு. டீசல் வழிய வழிய. இவர் காது சிவந்துபோய், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். வீணா என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, எவ்ளோ தூரம்மா?" என்றாள். "இதோ வந்தாச்சும்மா" என்று பொய் சொன்னேன்.

சிக்னலில் போலீஸ்காரர் மறித்தார். உள்ளே பிரசவ வலி என்று தெரிந்ததும் அவருக்கும் பதறிவிட்டது. "பானெட் தெகீரி!" என்று அதட்டினார். இவர் உட்கார்ந்தபடியே லீவரை இழுத்துத் திறந்தார். அவ்வளவுதான். பிரிஜெட்டைத் தவிர தள்ளிக்கொண்டிருந்த அத்தனை பேரும் முன்னால் போய், இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

"எல்லாமே புதுசா இருக்கேப்பா!"

"பெல்ட் பாரு, பளபளன்னு."

"இந்த ஒயரப் புடுங்கிப் பாக்கலாமா?"

வீணா வீறிட்டாள். அந்தச் சத்தத்தில் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். இவர் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்து இறங்கி, ஒயரில் கை வைத்தவனைப் பிடித்துத் தள்ளினார்.

"கைய எடுய்யா! வண்டில ஒரு கொறையும் இல்ல! எனக்குத்தான் ஓட்டத் தெரியாது!"

"லைசன்ஸ் இருக்கேங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

"ஏஜென்ட் வீட்டுக்கே கொண்டாந்து குடுத்தான்."

"ஃபேக்டரில டெஸ்ட் வண்டி?"

"பக்கத்துல உக்காந்து சத்தம் கேப்பேன். ஓட்டினதில்ல ராஜி. ஒரு நாளும் ஓட்டினதில்ல."

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். வாழ்நாளெல்லாம் கியர் பார்த்த மனுஷனுக்கு ஒரு கியர் போடத் தெரியாது என்று ஊரோடு சேர்ந்து நானும் அந்த சிக்னலில்தான் தெரிந்துகொண்டேன். அவமானம், கோபம், அழுகை, எது முதலில் வந்தது என்றே சொல்லத் தெரியவில்லை.

பின்பக்கம் கை வைத்தபடியே நின்றிருந்த பிரிஜெட் வேர்வையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "சாவி வண்டிலதான இருக்கு? நகருங்கண்ணா, நான் ஓட்டறேன்."

"உனக்கு ஓட்டத் தெரியுமாடி?" என்றேன்.

"டாக்டர் வீட்ல வேல செஞ்சப்ப டிரைவர் வரலன்னா நான்தான் பிள்ளைங்கள ஸ்கூல்ல விடுவேன்."

"அப்புறம் எதுக்குடி இவ்ளோ தூரம் தள்ளின?"

"கிளட்ச் சரியில்லன்னு அண்ணன் சொன்னாரேக்கா! அவரு இன்ஸ்பெக்டரு. நான் என்னத்த சொல்றது?"

பானெட்டை அறைந்து சாத்தினார்கள். போலீஸ்காரர் விசில் ஊதி வழிவிட்டார். பிரிஜெட் ஒரு வெட்டு வெட்டி எடுத்தாள் பாருங்கள், வண்டி வெண்ணெய் மாதிரி போனது. குலுங்கவே இல்லை. பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். இவர் நடு ரோட்டில் செருப்பில்லாமல் ஓடி வந்துகொண்டிருந்தார். கையை ஆட்டி என்னவோ கத்தினார். என்னமோ ஏதோ என்று ஜன்னலை இறக்கினேன்.

"மூணாவது போடச் சொல்லு! மூணாவது கியர்!"

ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம் என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். இவர் சட்டையெல்லாம் நனைந்து, காலில் தார் ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். நான் ஏசுவதற்கு நிறைய சேர்த்து வைத்திருந்தேன்.

எங்களை உள்ளே விட்டார்கள். இவர் குழந்தை பக்கம் போகாமல் வீணாவின் தலைமாட்டில் நின்றார்.

"எனக்குப் பயம்மா. ஓட்டக் கத்துக்கலாம்னு தெனம் நெனப்பேன். நீ உள்ள படுத்திருக்கற மாதிரியும், நான் கொண்டு போய் எங்கயோ இடிச்சிட்ட மாதிரியுமே தோணும். அதான் செக் பண்ணிட்டே இருந்தேன்."

"தெரியும்ப்பா" என்றாள் வீணா.

"என்ன தெரியும்?"

"உங்களுக்கு ஓட்டத் தெரியாதுன்னு. எனக்கும் அவருக்கும் எப்பவோ தெரியும்."

"தெரிஞ்சுமா ஏறின?"

"ஓட்டத் தெரியாட்டி என்னப்பா? தள்ளிக்கிட்டாவது கொண்டாந்து சேத்துருவீங்கன்னும் தெரியுமே."

இவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நின்ற இடத்திலேயே, தோள் குலுங்கக் குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நான் சேர்த்து வைத்திருந்த ஏச்சில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "சரி சரி, போயி காலக் கழுவிட்டு வாங்க. புள்ளையத் தூக்க வேணாமா?" என்றேன்.