மெழுகுக்குள் போன தர்ப்பை

போட்டோ கழுவுகிற மருந்துக்குக் காற்றுதான் எமன். கலக்கி வைத்த மருந்தைத் திறந்து போட்டால் முதலில் மஞ்சளாகும், பிறகு டீத்தண்ணி நிறமாகும், அப்புறம் அது எதற்கும் ஆகாது. அதனால் பழுப்பு பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி, தக்கையை அழுத்தி, மேலே மெழுகுவத்தியைச் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டு மூடிவிடுவேன். பாதி மருந்தை எடுத்துவிட்டால் காலியான இடத்தில் காற்று உட்கார்ந்துகொள்ளும். அதற்காகக் கோலி குண்டுகளைக் கழுவித் துடைத்து ஒவ்வொன்றாக உள்ளே போடுவேன். மருந்து ஏறிக் கழுத்துக்கு வந்துவிடும். பிறகு தக்கை, பிறகு மெழுகு.

என் மனைவி இதைப் பார்த்து முதலில் சிரித்தாள். "பக்கத்தூட்டுப் புள்ளைங்க கோலி இல்லாம அழுவுது. நீங்க பாட்டிலுக்குத் துன்னக் குடுக்கறீங்க" என்பாள். ஆனால் சிரித்துக்கொண்டே கோலிகளைக் கழுவிக் கொடுப்பாள். மெழுகு ஊற்றுவதையும் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கை பழகிவிட்டது. ஊறுகாய் ஜாடியின் வாயில் துணி கட்டுகிறவளுக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. இரண்டும் கெட்டுப்போகக் கூடியவை, இரண்டையும் காக்க வேண்டும்.

அப்போது நாங்கள் திருப்பதியில் கோவிந்தராஜப் பெருமாள் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். மலையிலிருந்து மொட்டையோடு இறங்கி வருகிறவர்கள் குடும்பமாகப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். என் பிழைப்பே அதுதான். பெருமாள் வைத்த பிழைப்பு என்று நினைத்துத்தான் தினமும் கேமராவுக்குத் திருமண் இட்டுவிட்டுத் திரையைத் தூக்குவேன். கடையில் இடம் போதாமல், படம் விழுகிற கண்ணாடி பிளேட்டைக் கழுவுகிற இருட்டறையை வீட்டின் உள்ளறைக்கு மாற்றி இருந்தேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, ஒரு சிவப்பு விளக்கு, சுவர் ஓரமாக ஒரு பலகை. பலகையில் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். ஆயுதபூஜை அன்று அவற்றுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு.

அது ஆந்திர ராஜ்யம் புதிதாகப் பிறந்து, எல்லை எங்கே என்று தீராமல் கிடந்த காலம். நான் புத்தூர்ப் பக்கத்துக்காரன். என் மனைவியின் ஊர் திருத்தணிக்குப் பக்கம். எந்த ஊர் எந்த ராஜ்யம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கூட்டம் போட்டார்கள், கடை அடைத்தார்கள், ரயிலை மறித்தார்கள். எனக்கு மருந்துப் பொடியும் கண்ணாடி பிளேட்டும் மதராசிலிருந்து அந்த ரயிலில்தான் வரவேண்டும். சரக்கு நின்றுபோயிற்று. இருந்த மருந்தை அடக்கி அடக்கிச் செலவு செய்தேன். கோலி குண்டுகள் மேலும் மேலும் உள்ளே போயின.

அப்படி ஒரு சமயத்தில், சித்தூரில் தெரிந்த ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் கொஞ்சம் பிளேட்டு கடனாகக் கேட்கலாம் என்று போயிருந்தேன். என்னை விட மூத்தவர், தெலுங்குக்காரர், நல்ல மனுஷர். அன்றைக்குச் சூரிய கிரகணம். கிரகணம் பிடிக்கிற வேளையில் வழிநடை கூடாது என்று அவர் வீட்டிலேயே இருத்திக்கொண்டார். விட்ட பிறகு குளித்துச் சாப்பிட்டு, அவர் கொடுத்த ஒரு சின்ன பிளேட்டு டப்பாவோடு ஊர் திரும்பினேன்.

வீட்டில் என் மனைவி செய்ய வேண்டியதை எல்லாம் செய்து வைத்திருந்தாள். நம் வீடுகளில் கிரகணம் என்றால் தண்ணீர்ப் பானையில், உப்பு ஜாடியில், ஊறுகாயில், நெய்யில் எல்லாம் ஒரு தர்ப்பைப் புல் போடுவது வழக்கம். தோஷம் அண்டாது. என் அம்மாவும் போட்டாள், இன்றைக்கும் எங்கள் வீட்டில் போடுகிறோம். அதைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. இருட்டறையை வீட்டுக்கு மாற்றிய பிறகு வந்த முதல் கிரகணம் அது என்பதை மட்டும் நான் நினைக்கவே இல்லை.

சில வாரம் கழித்து என் மாமனார் வந்தார். அதுவரை கடையடைப்பில் கடை பூட்டியே கிடந்ததால் பாட்டில் எதையும் நான் திறந்திருக்கவில்லை. ஒற்றை ஆளாக மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு, நெற்றி நிறைய நாமமும் தோளில் வெள்ளைத் துண்டுமாக வாசலில் வந்து நின்றார். முந்தின மழைக்காலத்தில் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்து பிழைத்ததற்கான வேண்டுதல் அது. எங்களுக்குச் சொல்லாமலே வேண்டிக்கொண்டிருக்கிறார். சொல்லாமலே வந்து முடித்தும் விட்டார். நாலு ஏர் உழுகிற குடியானவர். பேச்சு குறைவு, ஆனால் பேசினால் எதிராளி சிரிக்காமல் இருக்க முடியாது.

என் மனைவிக்கு அவரைப் பார்த்ததும் ஒரே பிடிவாதம். போட்டோக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டும் தன் நைனாவுக்கு ஒரு படம் இல்லை என்பது அவளுக்குப் பெரிய குறை. அம்மா அவள் சின்ன வயதிலேயே போய்விட்டாள். அவள் முகம் இவளுக்குச் சுத்தமாக நினைவில்லை. இவர் முகமும் அப்படிப் போய்விடுமோ என்ற பயம் இவள் மனசில் எப்போதும் இருந்தது.

"மொட்டையப் புடிச்சி என்னாம்மா பண்ணப் போற? மொளச்சி வரட்டும், ஷோக்கா எடுத்துக்கலாம்" என்றார் அவர்.

"மொளச்சப்பறம் நீ வருவியா நைனா? கேவுரு அறுப்புன்னுவ, கெணறு தூர் வாரணும்னுவ."

"வரேன்னு சொல்லல. மொளைக்கும்னுதான் சொன்னேன்."

நாங்கள் மூவரும் சிரித்தோம். எல்லைச் சண்டை என்ன ஆயிற்று மாமா என்று நான் கேட்டேன். "நான் எந்த ராஜ்யம்னு அவனுங்க முடிவு பண்றதுக்குள்ள எனுக்கு ஜடை போட்டு பூ வெச்சிக்கிற அளவுக்கு முடி மொளச்சிடும் மாப்ள" என்றார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் அவரைக் கையைப் பிடித்துக் கடைக்கு அழைத்து வந்துவிட்டாள்.

நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றார். நின்றார். மாட்டை ஓட்டிக்கொண்டு வரப்பில் நிற்கிற மாதிரி ஒரு காலைச் சற்று முன்னால் வைத்து நின்றார். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். அந்தக் காலத்துக் கேமராவில், பின்பக்கத்துக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். மாமனாரும் தலைகீழாகத் தொங்கினார். நாமம் கீழே, பாதம் மேலே. முகம் தெளிவாக விழும்வரை திருகினேன். சிரிப்பை அடக்குகிற மாதிரி வாயை இறுக்கிக்கொண்டிருந்தார். கண்கள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்தன. ஒரே ஒரு பிளேட்டு எடுத்தேன். அதற்கு மேல் எடுக்க அப்போது எனக்கு வக்கில்லை.

அன்று மத்தியானமே ஊருக்கு பஸ் ஏறிவிட்டார். அவரை ஏற்றிவிட்டு வந்ததும் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். இருந்ததில் நல்ல பாட்டிலாக, மெழுகு சிதையாத பாட்டிலாகப் பார்த்து எடுத்தேன். மெழுகைக் கீறித் தக்கையைப் பிடுங்கி மருந்தைத் தட்டில் ஊற்றி, பிளேட்டை உள்ளே விட்டு ஆட்டினேன்.

வழக்கமாக வெள்ளை வேட்டிதான் முதலில் எழும். பிளேட்டில் அது கறுப்பாக எழும்பி வரும், பிறகு முகம், பிறகு மற்றதெல்லாம். அன்றைக்கு வேட்டி எழும்பவே வெகு நேரம் ஆயிற்று. அப்புறம் துண்டு. அப்புறம் நெற்றி நாமம், மூன்று கோடு. அதோடு நின்றுவிட்டது. நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன், 'கோவிந்தா, கோவிந்தா' என்று சொல்லிக்கொண்டே ஆட்டினேன். மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் தட்டின் ஓரத்தில் மெல்லியதாக ஏதோ மிதப்பது தெரிந்தது. விரலால் எடுத்தேன். தர்ப்பைப் புல்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாட்டிலைத் திறந்து, புல்லைப் போட்டு, முறைப்படி அதன் நுனி வெளியே நிற்கும்படி தக்கையை வைத்து, கிரகணம் விட்டதும், நான் எப்போதும் செய்கிற மாதிரியே மெழுகும் ஊற்றியிருக்கிறாள். சிவப்பு விளக்கில் அந்த நுனி என் கண்ணில் படவில்லை. மருந்தில் நனைந்து பருத்த புல், நாள் போகப் போக மேல் பக்கம் காய்ந்து சுருங்கி இருக்கும். அது விட்ட ஊசி வழி போதும் காற்றுக்கு. விழுந்த படம் அழியாமல் நிற்கப் பிளேட்டை ஹைப்போ மருந்தில் போட்டுவிட்டு விளக்கை ஏற்றிப் பார்த்தேன். தட்டில் இருந்தது டீத்தண்ணி. மற்ற பாட்டில்களையும் பார்த்தேன். ஒன்றைக்கூட அவள் மறக்கவில்லை.

வெளியே வந்து, படம் சரியாக வரவில்லை, அடுத்த தடவை மாமா வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் வாடிற்று. "பரவால்ல, முடி மொளச்சி அழகாக் கீற சமயத்துல எடுத்துக்கலாம்" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தர்ப்பையை மிதிபடுகிற இடத்தில் போட மனம் வரவில்லை. ஜன்னல் கட்டையில் வைத்திருந்தேன்.

அவருக்கு முடி முளைக்கவில்லை. கேழ்வரகு அறுப்புக்கு முன்னாலேயே, கிணற்று மேட்டில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து எங்கேயோ கடையடைப்பு, பஸ் இல்லை. நகரி வரை ஒரு மாட்டு வண்டி, அப்புறம் நடை. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். என் மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

காரியம் முடிந்து திரும்பி வந்த அன்று, குளித்த ஈரத் தலையோடு நேராக உள்ளறைக்குப் போனாள். அந்தப் பிளேட்டு எங்கே என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் துணியை விலக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது வேட்டி" என்றேன். "இது துண்டு. இதோ நாமம்."

"மூஞ்சி?"

அவள் பிளேட்டை இறக்கினாள். ஜன்னல் கட்டையில் அந்தப் புல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பாட்டில்ல இருந்துச்சா?"

"ஆமா."

"இதாலதானா?"

"காத்து பூந்துட்சி. நீ காக்கத்தான் போட்ட."

"காக்கலியே" என்றாள். அழவில்லை. புல்லை எடுத்துக்கொண்டு போய்த் துளசி மாடத்தில் போட்டுவிட்டு, அடுப்பு மூட்டப் போனாள்.

அந்தப் பிளேட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் சித்தூருக்குப் போனேன். மங்கலான பிளேட்டை வேறொரு மருந்தில் போட்டுக் கறுப்பை ஏற்ற முடியும். அந்த மருந்து அவரிடம் இருந்தது. அவர் பிளேட்டை விளக்கின் முன்னால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உன்னதே பெஞ்சகலம் நாயனா, லேனிதி காது" என்றார். இருப்பதைத்தான் கூட்டலாம், இல்லாததை அல்ல. இருந்தாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டுக் கொடுத்தார். வேட்டி பளிச்சென்று ஆயிற்று. நாமம் பளிச்சென்று ஆயிற்று.

அதைக் காகிதத்தில் அச்செடுத்துச் சட்டம் போட்டேன். படம் முழுக்க இருட்டு. அந்த இருட்டுக்குள் ஒரு வேட்டியும் துண்டும், மேலே நாமமும். என் மனைவி அதைப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டினாள். வருகிறவர்கள் பெருமாள் படம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவள் மறுத்துச் சொன்னதில்லை. அவர்கள் போன பிறகு படத்தின் அடியில் ஒரு பூவை வைப்பாள்.

அடுத்த கிரகணத்துக்கு அவள் சமையல்கட்டில் எல்லா ஜாடிக்கும் தர்ப்பை போட்டுவிட்டு, மிச்சப் புல்லோடு உள்ளறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. நான் வாங்கிக்கொண்டு, மெழுகைத் தொடாமல், ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் வெளிப்பக்கமாகப் புல்லைச் சுற்றி முடிந்தேன். இன்றுவரை அப்படித்தான்.

எல்லை ஒரு வழியாகத் தீர்ந்தது. மாமனார் ஊர் மதராஸ் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். யாரோ வந்து சொன்னபோது, அவர் இருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று இரண்டு பேரும் நினைத்திருப்போம்.

ஆரம்பத்தில் என் மனைவி அந்தப் படத்தின் முன்னால் நின்று இருட்டில் விரல் வைத்து, "இங்கதான் கண்ணு, இங்க மீச" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். வருஷங்கள் போகப் போக அந்த விரல் தயங்க ஆரம்பித்தது. போன தடவை திதி அன்று படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"நைனாவுக்குப் புருவம் சேந்தாப்பல இருக்குமா, பிரிஞ்சி இருக்குமா? நீங்கதான கடசியா உத்துப் பாத்தது, சொல்லுங்க."

நான் கண்ணை மூடினேன். அவர் வந்தார். நன்றாகவே வந்தார். ஆனால் அந்தக் கண்ணாடியில் பார்த்தபடி தலைகீழாகத்தான் வந்தார், இறுக்கிய வாய் மேலேயும் நாமம் கீழேயுமாக. நிமிர்த்திப் பார்க்கலாம் என்று மனசால் திருப்பினேன். திருப்பத் திருப்ப, வேட்டியும் நாமமும் மட்டும் நின்றன. மற்றதெல்லாம் நழுவிவிட்டது.

"சேந்துதான் இருக்கும்" என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, சந்தனத்தைக் குழைத்து, நாமத்துக்குக் கீழே எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.