மூக்குத்தி இடம் மாறிய அம்மா

எங்கள் அம்மாவுக்குப் பிடித்த மாதிரி அவருடைய படம் உலகத்தில் ஒன்றுகூட இல்லை. அக்காளின் கல்யாண ஆல்பத்தைக் காட்டினாலும் சரி, நேற்று கைப்பேசியில் எடுத்ததைக் காட்டினாலும் சரி, ஒரே தீர்ப்புதான்: "இது நானில்லடா. யாரோ பொம்பள."

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் கலைஞன் ஒருவன் அவதரித்தான். வேறு யார், நான்தான். கோலாலம்பூரில் சில சனிக்கிழமைகள் மரத்தில் படம் செதுக்கித் தாளில் அச்செடுக்கும் மரக்கட்டை அச்சு வகுப்புக்குப் போய்வந்திருந்தேன். அந்த ஞானம் போதாதா? அம்மாவை அச்செடுத்து, "இது நான்தான்" என்று அவர் வாயாலேயே சொல்லவைப்பதாகச் சபதம் எடுத்தேன்.

அம்மாவின் கோல சிலாங்கூர் வீட்டில் உடைந்துகிடந்த அலமாரிக் கதவு ரப்பர் மரம். ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்கப் பால்மரம் வெட்டிய அம்மாவின் முகத்துக்கு ரப்பர் பலகை! என் மேதைமையை நானே மெச்சிக்கொண்டேன்.

"நான் அத வெட்டுனது போதாதுன்னு, இப்ப அதுல என்னையப் போட்டு வெட்டுறியா?" என்றார் அம்மா.

அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, பார்த்தபடியே பலகையில் வரைந்து செதுக்கினேன். மரம் நார்நாராகப் பிய்ந்ததில் அம்மாவுக்குச் சில சுருக்கங்கள் இலவசமாகக் கிடைத்தன. மை தடவி, தாளைப் போட்டு, கரண்டி முதுகால் தேய்த்து உரித்தேன்.

உலு யாமிலிருந்து வந்திருந்த அக்காள்தான் முதலில் பார்த்தாள். "என்னா லா இது? மூக்குத்தி இடப்பக்கம் போயிருச்சு, முந்தானை வலது தோள்ல கெடக்கு. அம்மாவ வடநாட்டுச் சேட்டம்மாவா ஆக்கிட்டியே!"

பலகையில் இருப்பது தாளில் இடவலம் மாறி விழும். வகுப்பின் முதல் பாடமே அதுதான். அன்றைக்குக் கலைஞரின் கவனம் மதியச் சாப்பாட்டில் இருந்திருக்க வேண்டும். வேறு பலகையில் மாற்றிச் செதுக்குகிறேன் என்று முனகிக்கொண்டே தாளைச் சுருட்டப்போனேன். மனசு விட்டுப்போயிருந்தது.

அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டார். ஈர மை விரலில் ஒட்டியதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எதுக்குடா மாத்துற? இதுதான் நான். தெனமும் பொட்டு வைக்கையில கண்ணாடியில இவளத்தான பாக்குறேன்."

அக்காள் கைப்பேசியில் இருந்த அம்மாவின் படத்தை அச்சுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடியும் அச்சைப் போலத்தான், இடவலம் மாற்றிக் காட்டும்; புகைப்படம் மாற்றாது. இத்தனை வருடமும் அம்மா வீம்பு பிடிக்கிறார் என்றுதான் நாங்கள் சிரித்துவந்தோம். அவர் கண்ணில் பட்டதைத்தான் அவர் சொல்லிவந்திருக்கிறார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அக்காள் முழங்கையால் என்னை இடித்தாள்.

"எனக்கும் ஒன்னு போட்டுக் குடு லா. இதே மாதிரி தப்பா."