ஈறு நிறக் குருவிகள்

பெட்டியிலிருந்து எடுத்த ஒவ்வொரு குருவியையும் வேன்காரம்மா தன் முன்பல்லில் மெல்ல ஒரு தட்டுத் தட்டுவாள். தலையைச் சாய்த்துக் காது கொடுப்பாள். ‘டிங்’ என்றால் ஜன்னலுக்கு. ‘டொக்’ என்றால் உள்ளே எங்கோ விரிசல், பசை போட வேண்டும். அப்பாவிடமிருந்து தொற்றிய பழக்கம். அவர் பல்செட் செய்கிறவர். செய்து முடித்த எதையும் தன் பல்லில் தட்டிப் பார்க்காமல் ஆளிடம் கொடுத்ததில்லை. கழுவித்தான் கொடுப்பார் என்று மகள் இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.

வருடக் கடைசி விடுமுறைக்குத் தெருவெல்லாம் காகித நட்சத்திரம் தொங்க, அவர் வீட்டில் மட்டும் குருவிகள் தொங்கின. பல்செட்டுக்குக் குழைத்ததில் மிஞ்சிய ஈறு நிற மாவில் உடம்பு. எந்த வாய்க்கும் பொருந்தாமல் தங்கிப்போன பற்களில் அலகு. கடைவாய்ப்பல் வைத்த ஒன்று மட்டும் எப்போதும் யாரையோ திட்டிக்கொண்டிருப்பது போல இருக்கும். அதற்கு ‘அத்தை’ என்று பெயர். சாயங்கால வெயில் பட்டால் ஜன்னலே ஒரு பெரிய வாயாகச் சிரிக்கும்.

அப்பாவுக்குப் பிறகு பெட்டி அவளிடம் வந்தது. பள்ளிக்கூட வேன் ஓட்டிப் பிள்ளையை ஆளாக்கினாள். புருஷன் செத்த வருடம்கூட அழுதுகொண்டேதான் நூல் கட்டினாள், ஆனால் கட்டினாள்.

இந்த வருடம் மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அம்மா, இந்த ஒரு தடவை அத உள்ள வைம்மா. பொண்ணு வீட்டுல முதல்முறையா வர்றாங்க.”

“வரட்டுமே. குருவி கடிச்சா வெச்சிடும்?”

“கடிக்கிற மாதிரிதாம்மா இருக்கு.”

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவன் சிரிக்கவில்லை. “அவங்க என்ன நெனப்பாங்க?” என்றான். அந்தக் கேள்வி வேன் ஓட்டும்போதும் முள்ளாய்க் குத்தியது. சம்பந்தம் முறிந்தால் மகன் காலத்துக்கும் மறக்கமாட்டான். ஆனால் மருமகள் வருகிற வேளையில் குருவிகள் உள்ளே போனால், இந்த வீட்டில் அவை ஒளித்து வைக்கவேண்டிய பொருளாகிவிடும். பிறகு வெளிச்சமே பார்க்காது. எல்லாவற்றையும் தொங்கவிட்டாள். அத்தையை நட்டநடுவில்.

பெண்ணும் பெற்றோரும் வந்தார்கள். பெண்ணின் அப்பா வாய்க்குப் பூட்டுப் போட்டதுபோல உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கெல்லாம் தலையாட்டல். பிஸ்கட்டைத் தொடவில்லை. பார்வை மட்டும் ஜன்னலுக்குப் போய்ப் போய் வந்தது. மகனின் முகம் சுண்டிப்போனது.

“ரொம்ப… வித்தியாசமா இருக்கு,” என்றாள் பெண்ணின் அம்மா.

“சும்மா கடையில வாங்கினது ஆன்ட்டி,” என்று மகன் பூசி மெழுகப் பார்த்தான்.

“கடையில எங்க விக்குது?” என்றாள் வேன்காரம்மா. “எங்கப்பா செஞ்சதுங்க. பல்செட் செய்றவரு. அந்த ரோஸ் கலர் ஈறு. மூக்கு நெசமாவே பல்செட்டுப் பல்லு.”

பெண்ணின் அப்பா எழுந்து ஜன்னலருகே போய், அத்தைக்கு எதிரே, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் தோள்கள் குலுங்கின. கை வாய்க்குப் போனது. முடிந்தது கதை என்று நினைத்தாள் வேன்காரம்மா.

அவர் திரும்பியபோது மேல்வரிசைப் பற்கள் உள்ளங்கையில் இருந்தன. குருவிக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தார்.

“ஒவே கலவு,” என்றார் பொக்கை வாயால். ‘ஒரே கலரு’ என்பது அப்படித்தான் வந்தது.

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு வேன்காரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பெண் மட்டும் சோபாவிலிருந்து சட்டென்று எழுந்து வாயடைத்து நின்றாள். பாவம், கூச்சம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அவர் பல்லை மாட்டிக்கொண்டு, “சம்பந்தியம்மா, இந்த அத்தைய எனக்குக் குடுத்திடுங்க,” என்றார்.

சம்பந்தியம்மா என்ற சொல்லில் மகனுக்கு உயிர் திரும்பியது.

“நீங்க பொண்ணு குடுக்கறதாத்தாங்க பேச்சு. நான் அத்தையக் குடுக்கறதா பேச்சே இல்ல.”

அன்றைக்கு மூன்று தடவை தேநீர் போட வேண்டியிருந்தது. மகன் தானாகவே போய்த் திரையை ஓரம்வரை விலக்கிக் கட்டினான், தெருவில் போகிறவர்களும் நன்றாகப் பார்க்கட்டும் என்பதுபோல.

கல்யாணமாகி வெகுநாள் கழித்து மருமகள்தான் சொன்னாள்: அப்பாவின் பல் சொந்தப் பல் இல்லை என்பது அவளுக்கே அந்தச் சாயங்காலம்தான் தெரியுமாம்.